ஸ்பேர் சாவிக்கு யார் கையெழுத்து?

போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு வேலையாகப் போனவள், இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிய ஷோரூமுக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த ஸ்பேர்ஸ் கவுண்டர் இருந்த இடத்தில் இப்போது காபி மெஷின் நிற்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் ஒரு புது ஸ்கூட்டரைக் காட்டினார்கள். சாவித் துவாரமே இல்லை. பையில் ஒரு ரிமோட் இருந்தால் போதும், வண்டி தானாகவே ஆளைத் தெரிந்துகொள்கிறது.

"உங்க காலத்துல சாவி தொலைஞ்சா என்னங்கக்கா பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாலு பேருகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுவோம். அவங்க அதுக்கு அலையறதுக்குள்ள தொலைஞ்ச சாவியே கெடைச்சிரும்" என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் அப்படிக் கிடைக்காமலே போன சாவிகள் சிலவும் உண்டு. அந்தக் கதையைச் சொன்னபோது, "இத எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன சோலி?

என் பேர் வசந்தாமணி. உடுமலைப்பேட்டையில் பிறந்து, பி.காம். படித்து, சிங்காநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஷோரூமில் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் இரண்டாயிரம் பார்ட் நம்பர்களை உருப்போட்டேன். நம்பரைச் சொன்னால் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். அந்தப் பொருள் வண்டியில் எங்கே உட்காருகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பிரேக் கேபிளையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் நீளத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். வண்டி ஓட்டவும் தெரியாது. டவுன் பஸ்ஸில் போய் ஸ்கூட்டர் பாகம் விற்றவள் நான்.

எங்களுக்கு மேலே ஒர்க்ஸ் மேனேஜர் வெங்கடசாமி சார். பெரிய மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு வந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியே அசல் கோயமுத்தூர்த் தமிழ். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க'. மூன்றைத் தொட்டால் யாருக்கோ கண்டம் என்று அர்த்தம்.

ஒருமுறை ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு நட்டு மிச்சம். வெங்கடசாமி சார் குனிந்து அதை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏனுங்க கண்ணு, இது கம்பெனிக்காரங்க உங்களுக்குன்னு தனியாக் குடுத்த அன்பளிப்புங்களா? ஊட்டுக்குக் கொண்டுபோயி சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக் கும்புடறீங்களாங்க?"

அந்த மெக்கானிக் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்.

சாரின் உயிர் ஒரு நீல அட்டை ரிஜிஸ்டரில் இருந்தது. சாவி ரிஜிஸ்டர். அப்போதெல்லாம் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நம்பர் உண்டு. வண்டி டெலிவரி எடுக்கும்போது அந்த நம்பரை ஓனர் பேருக்கு நேரே எழுதி, ஓனரிடம் கையெழுத்தும் வாங்கி, ரிஜிஸ்டரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி தொலைந்தவர் ஆர்.சி. புத்தகம் கொண்டு வர வேண்டும். ஓனர் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும். கடிதத்துக் கையெழுத்தும் ரிஜிஸ்டர் கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று சார் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் நம்பரை ஃபாக்டரிக்கு எழுதுவோம். சாவி வர மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரத்துக்கு வண்டி என்ன செய்யும்? அதற்குத்தான் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் அமானுல்லா பாய் உட்கார்ந்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர். ஒரு பெட்டி, இரண்டு அரம், ஒரு வளையம் நிறையப் பல் வெட்டாத சாவி. பூட்டைக் கழற்றிக் கொண்டுபோனால் அரைமணி நேரத்தில் ராவித் தந்துவிடுவார். சார் அவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஆனால் அவசரக் கேஸ் வந்தால், "எதுக்க ஒருத்தரு உக்காந்திருக்கறாருங்களாம். எனக்குத் தெரியாதுங்க" என்பார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் பாயும் அரத்தைத் தொட மாட்டார். இந்த விஷயத்தில் அவர் எங்கள் சாருக்கு அண்ணன்.

பூங்கொடி என் கவுண்டருக்கு முதன்முதலாக வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சுகாதார நர்ஸ். என் வயதுதான் இருக்கும். ஏழெட்டு ஊர் அவள் பொறுப்பு. பிரசவம் பார்க்க வேண்டும், புதன்கிழமையானால் ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்து எடுத்துப்போய்க் குழந்தைகளுக்குப் போட வேண்டும். அதற்காகவே கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருந்தாள். வண்டி, வீட்டுக்காரர் குமாரசாமி பேரில்.

"வந்த சாவி ரெண்டும் காணாமப் போச்சுங்க" என்று கடிதத்தை நீட்டினாள்.

முத்து முத்தான எழுத்து. 'எனது வாகனத்தின் சாவிகள் கைதவறித் தொலைந்துவிட்டபடியால், எனது மனைவியாரிடம் மாற்றுச் சாவி தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' மனைவியார் என்று எழுதிய புருசனை அன்றுதான் பார்த்தேன். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தாள். அதே கடிதம். ஒரு சொல் மாறவில்லை.

"எங்கீங்க வெச்சீங்க?" என்றேன்.

"ஆணில மாட்டிப்போட்டு மொகங் கழுவப் போனேனுங்க. வந்து பாத்தா ஆணி இருக்குது."

"ஊட்டுல கேட்டீங்களா?"

"எல்லாருமே தேடுனாங்க. என்ற மாமனாரு மாட்டுச்சாளைக்குள்ள போயித் தேடுனாரு. எங்கூட்டுக்காரரு சோள மூட்டையக்கூட எறக்கிப் பாத்தாரு. பாவமா இருந்துச்சுங்க."

யாரும் அவளை வண்டி ஓட்டாதே என்று சொன்னதே இல்லையாம். கிளம்பும்போதெல்லாம் மாமியார் வாசல் வரைக்கும் வந்து, "சூதானமாப் போயிட்டு வா கண்ணு" என்பாராம். அவ்வளவு தங்கமான குடும்பம். சாவி மட்டும் அந்த வீட்டில் தங்குவதில்லை.

சாவி இல்லாத ஒரு புதன்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். பஸ் விட்ட இடத்திலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தாள். போய்ச் சேர்வதற்குள் தாய்மார்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐஸும் உருகிவிட்டது. அத்தனை மருந்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. மேலதிகாரி மெமோ கொடுத்தார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் மலைமேல் எங்கேயாவது மாற்றிவிடுவேன் என்று வாயாலும் சொன்னார்.

அடுத்த முறை சாவி பத்திரமாக இருந்தது, வண்டிதான் கிளம்பவில்லை. எங்கள் ஷோரூம் வரைக்கும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மெக்கானிக் இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி மொத்தையாக அப்பியிருந்தது. குமாரசாமி, வண்டி நல்லா இருக்கட்டும் என்று பெட்ரோலில் கலக்கும் ஆயிலை அளவில்லாமல் ஊற்றியிருக்கிறார். மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிற கை.

"ஒவ்வொரு தடவையும் டெம்போ புடிச்சு வர முடியாதுங்க. இந்த பிளக்கு எங்க இருக்குது, எப்படிக் கழட்டறதுன்னு காட்டுங்க" என்றாள் என்னிடம்.

எனக்கு அதன் பார்ட் நம்பர் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதை ஒரு வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. "வண்டி இங்கயே நிக்கட்டும், நாளைக்கு மத்தியானம் வாங்க, பாக்கலாம்" என்று மிதப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மெக்கானிக்குகள் சாப்பிடப் போனதும், வாட்டர் சர்வீஸ் மேடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். என் கையில் கம்பெனி புத்தகம். அதிலிருந்த படத்தில் வண்டி இடது பக்கம் பார்த்து நின்றது. எங்கள் வண்டி வலது பக்கம் பார்த்து நின்றது. அந்தக் குழப்பத்தில், பிளக் என்று நினைத்து கார்ப்ரேட்டரைப் பிரித்துவிட்டோம். புடவை முந்தானையெல்லாம் பெட்ரோல். ஒரு ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய்விட்டது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது கண்முன்னால் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது.

"அம்மணிங்களா," என்றார் வெங்கடசாமி சார், "அந்தக் கார்ப்ரேட்டரு உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சுங்க?"

மூன்று 'ங்க'. முடிந்தது என்று நினைத்தேன். ஸ்பேர்ஸ் ஆள் ஸ்பானரைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. வாடிக்கையாளர் தொடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி.

பூங்கொடி எழுந்து நின்றாள். "நாந்தானுங்க கேட்டேன். புதன்கெழம காட்டுவழில வண்டி நின்னா, எனக்கு யாருங்க வருவாங்க?"

சாரின் பார்வை என் கையிலிருந்த ஸ்பானர் மேல் இருந்தது. அது இரண்டு சைஸ் பெரியது. தப்பான ஸ்பானரைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா போக முடியாது. சரியானதைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"பிளக்கு சைடு மூடிக்குள்ள இருக்குதுங்க. கேப்பைப் புடிச்சு இழுக்கோணும், ஒயரைப் புடிச்சு இழுக்கக் கூடாது. உப்புத்தாள்ல லேசாத் தேய்க்கோணும், பல்லு வெளக்கற மாதிரி. திருப்பி மாட்டறப்ப மொதல்ல கையில முறுக்குங்க. ஸ்பானரு கடைசிலதான்."

அரைமணி நேரம் சுவரோடு பேசினார். நாங்கள் பிளக்கைத் துடைத்தோம், ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தோம், கார்ப்ரேட்டரைப் பூட்டினோம். பூங்கொடி ஓங்கி ஒரு உதை உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது. நான் கைதட்டிவிட்டேன். சார் திரும்பாமலே, "சாப்பாட்டு நேரம் முடிஞ்சுபோச்சுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் மூன்றாவது ஸ்பேர் சாவியும் கொடுத்தாயிற்று. ஆறு வாரம் கழித்துப் பூங்கொடி நான்காவதற்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. கடிதத்தை நீட்டினாள். எனக்கு அது மனப்பாடம், பிரிக்காமலே ஒப்பிப்பேன்.

சார் ரிஜிஸ்டரைத் திறந்து விரல் வைத்து எண்ணினார். "வண்டியோட வந்தது ரெண்டு, நாம குடுத்தது மூணு. ஒத்த வண்டிக்கு அஞ்சு சாவி வெளிய சுத்துதுங்க. இனிக் கடுதாசி செல்லாது. ஓனரு நேர்ல வரோணுங்க."

"அடுத்த புதனுக்குள்ள எனக்கு வண்டி வேணுங்க சார்."

"நாளைக்கே வரச் சொல்லுங்க."

அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பாயிடமாவது அனுப்பலாமே என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க" என்று இந்த முறை சொல்லவில்லை. "வேண்டாமுங்க" என்றார்.

மறுநாள் குமாரசாமி வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார், காபி மெஷின் அப்போது இருந்திருந்தால் அதையும் கும்பிட்டிருப்பார். சார் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். மழை பெய்ததா, சோளம் எப்படி, மாடு எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போனது. பூங்கொடி பக்கத்தில் நின்று பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துல கெணறு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஆழம்?"

"எம்பதடிங்க."

"தண்ணி நிக்குதுங்களா?"

"பாதிக்கு மேல நிக்குதுங்க."

"அப்ப உள்ள எறங்கி எடுக்கறது செரமந்தானுங்க?"

"ஆமாங்க, அஞ்சும் அடிக்குப் போயிருக்கும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சார் டீயை ஒரு வாய் குடித்தார். பூங்கொடி மெதுவாகத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"நீங்களா?" என்றாள்.

குமாரசாமி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்குச் சைக்கிளே பேலன்ஸ் வராதுங்க சார். இவ வண்டில போறா, வாரா. டீக்கடைல பசங்க, 'உன்ற வண்டிய என்னிக்கப்பா நீ ஓட்டப்போற?'ன்னு தெனமும் கேக்கறானுங்க. வேண்டாம்னு இவகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரலீங்க."

"வாய் வரல," என்றாள் பூங்கொடி. "கை மட்டும் அஞ்சு தடவ வந்துச்சாக்கும்? சோள மூட்டைய வேற எறக்கிப் பாத்தீங்களே, அது எதுக்கு?"

"நீ தேடறதப் பாத்தா மனசு கேக்கல."

பைக்குள்ளிருந்து அந்த மெமோவை எடுத்து அவர் மடியில் வைத்தாள். முத்து முத்தாக எழுதுகிறவர், எழுத்துக் கூட்டுகிறவரைப் போல அதை மெதுவாகப் படித்தார். அவர் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவளும் வீட்டில் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

"கொட்டுன மருந்து யாருக்கு வெச்சிருந்தது தெரியுமா? உங்க தங்கச்சி கொழந்தைக்குந்தான் அதுல இருந்துச்சு" என்றாள். பிறகு சார் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சாவி வேண்டாமுங்க. வண்டிய எம் பேருக்கு மாத்தறதுக்கு என்ன எழுதோணும்னு சொல்லுங்க."

இது நடக்காது என்று நான் நினைத்தேன். சார் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறவர் இல்லை. ஆனால் படிவம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் விடுகிறவரும் இல்லை. மேசை டிராயரைத் திறந்து பெயர் மாற்றும் படிவங்களை எடுத்து, நடுவே கார்பன் வைத்து, ஊசி குத்தி, பேனாவின் மூடியைக் கழற்றி குமாரசாமிக்கு முன்னால் வைத்தார்.

"பழைய ஓனரு கையெழுத்து இங்கீங்க."

குமாரசாமி பேனாவை எடுக்கவில்லை. "என்ற பேரு சுத்தமாப் போயிருங்களா?"

"சுத்தமாப் போயிருங்க."

"டீக்கடைல..."

"டீக்கடைல இனிமே 'உன்ற வண்டி'ன்னு யாரும் கேக்க முடியாதுங்களே" என்றார் சார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

குமாரசாமி அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். தப்பான இடத்தில் போட்டுவிட்டார். சார் புதிய படிவம் எடுத்து மறுபடி போட வைத்தார்.

அன்றே வண்டியை டெம்போவில் வரவழைத்து, பழைய பூட்டுகளைக் கழற்றிவிட்டுப் புது லாக் செட் மாட்டினோம். பூங்கொடி வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போனாள். குமாரசாமி மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை என்று அவளே பிற்பாடு சொன்னாள். ஆனால் ஒரு புதன்கிழமைகூடத் தவறவில்லை, மலைக்கும் மாற்றவில்லை. நானும் அவளிடமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு வேலியை நான் சாய்த்தது தனிக்கதை.

ரிஜிஸ்டரை அடுத்த நாள் திறந்தபோது அதில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தது. தலைப்பு, 'வண்டி ஓட்டுபவர்'. இனிமேல் அந்தக் கட்டத்தில் இருப்பவர், லைசென்சும் ஆர்.சி. புத்தகமும் காட்டினால் போதும், ஓனர் கடிதம் வேண்டாம் என்று கீழே குறிப்பு. கூட்டம் போட்டு அறிவிக்கவில்லை. நான் கேட்டதற்கு, "கட்டம் பத்தலீங்க, போட்டேன்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் சார் டிராயரிலிருந்து ஒரு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஒரு அம்மா கியர் இல்லாத ஸ்கூட்டரில் சர்வீஸுக்கு வந்தார். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஆர்.சி. புத்தகம். சார் ஜாப் கார்டு அட்டையோடு என்னிடம் வந்து, "எங்கூட்ல அவங்க" என்றார். அவர்களை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததே இல்லை.

"ரெண்டு வருசமா ஊட்டுல சென்னிமலைப் போர்வையப் போத்தி வெச்சிருந்த வண்டிங்க. ஓடவே இல்ல. மொதல் சர்வீஸ்னு எழுதிக்கிங்க. கிலோமீட்டர் என்னங்க?"

குனிந்து மீட்டரைப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "ஏழாயிரத்து இருநூறுங்க சார்."

சாரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "ஏனுங்க, சாவி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சுங்க?"

"ஒண்ணு இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "கம்பெனில ரெண்டு குடுக்கறாங்களே."

சார் பேனாவை எடுத்து, ஏழாயிரத்து இருநூறு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.